பெரும்பான்மை ஆதரவு இருந்தும் ஃபுளோரிடாவில் கஞ்சா ஏன் சட்டபூர்வம் ஆகவில்லை?

2024 நவம்பரில் அமெரிக்க மாநிலமான ஃபுளோரிடாவில் நடந்த வாக்கெடுப்பில் சுமார் 56 சதவீதம் பேர் ஆதரித்தும் கஞ்சாவைச் சட்டபூர்வமாக்கும் அரசியலமைப்புத் திருத்தம் தோற்றது எப்படி என்று கேட்டிருக்கிறீர்கள்.

நேரடிக் காரணம் ஒன்றுதான். அங்கே மாநில அரசியலமைப்பைத் திருத்த 60 சதவீதம் வாக்கு வேண்டும். கொலராடோ மாநிலத்தில் 2012-இல் இதேபோன்ற திருத்தத்துக்கு ஏறக்குறைய இதே அளவு ஆதரவு, 55 சதவீதம்தான் கிடைத்தது. ஆனால் அப்போது அங்கே பாதிக்கு மேல் இருந்தாலே போதும் என்று இருந்ததால் நிறைவேறிவிட்டது. ஃபுளோரிடாவிலேயே மருத்துவக் கஞ்சாவுக்கான திருத்தம் 2014-இல் 58 சதவீதத்தை ஒட்டி வந்து தோற்று, 2016-இல் 71 சதவீதத்துடன் வென்றது.

சரி, மீதி 4 சதவீதம் எங்கே போனது? ஆளுநர் ரான் டிசாண்டிஸ் கடுமையாக எதிர்த்தார். தெருவெல்லாம் கஞ்சா வாடை வீசும் என்றார். அவர் கட்சியைச் சேர்ந்த டிரம்ப்போ ஆதரித்தார். எதிர்த்தவர்கள் சுட்டிக்காட்டிய இன்னொரு விஷயம் பணம். பிரசாரத்துக்கு 10 கோடி டாலருக்கு மேல் கொடுத்தது ட்ரூலீவ் என்ற மருத்துவக் கஞ்சா நிறுவனம். 21 வயது நிரம்பியவர் கடையில் வாங்கலாம், ஆனால் வீட்டில் ஒரு செடிகூட வளர்க்க முடியாது என்றிருந்தது திருத்தம். "இது நிறுவனங்களுக்கான சட்டம்" என்ற எதிர்த்தரப்பு வாதம் எனக்கு நியாயமாகவே படுகிறது. ஆனாலும் சிறிதளவு வைத்திருந்ததற்காக ஓர் இளைஞரைக் கைது செய்வது அதைவிடப் பெரிய அநியாயம். நான் அங்கே இருந்திருந்தால் ஆதரித்தே வாக்களித்திருப்பேன்.