தோட்டப்புறத் தமிழ்ப்பள்ளியில் ஆய்வுக்கூடம் இல்லாமல் என்னென்ன உயிரியல் செய்முறைகள் செய்யலாம்?

மலேசியாவில் சுங்கை சிப்புட் பக்கம் ஒரு தோட்டத் தமிழ்ப்பள்ளியில் அறிவியல் கழகம் நடத்தும் ஆசிரியர் கேட்டிருக்கிறார். 4, 5, 6ஆம் ஆண்டு மாணவர்கள், பழைய நுண்ணோக்கி ஒன்று, சனிக்கிழமை காலையில் கொஞ்ச நேரம். கொசுப்புழு வளர்க்கலாமா, வாழைப்பழத்தில் டிஎன்ஏ எடுக்கலாமா என்பது அவர் கேள்வி.

கொசுப்புழு வேண்டவே வேண்டாம். திறந்த ஜாடியில் தண்ணீர் வைத்தால் வந்து முட்டையிடுவது பெரும்பாலும் டிங்கியைப் பரப்பும் ஏடிஸ் கொசுதான். வலை கொஞ்சம் விலகினாலும் டிங்கியைப் பள்ளிக்குள் நாமே கூட்டி வந்ததாகிவிடும். 1975ஆம் ஆண்டின் நோய் பரப்பும் பூச்சிகள் ஒழிப்புச் சட்டப்படி அது குற்றமும்கூட. வாழைப்பழ டிஎன்ஏ ஆபத்தில்லாதது, செய்வதும் சுலபம். ஆனால் கடைசியில் பிள்ளைகள் பார்ப்பது குப்பிக்குள் மிதக்கும் வெள்ளைக் கொழகொழப்பு. அதை அளக்க முடியாது, ஒப்பிட முடியாது, அதிலிருந்து அடுத்த கேள்வியும் பிறக்காது. அந்த நேரத்தைப் பள்ளி வேலிக்கு வெளியே இருப்பவற்றுக்குக் கொடுங்கள்.

முதல் இடம் கறிவேப்பிலை மரத்துக்கு. லயத்து (தோட்டத் தொழிலாளர் வரிசை) வீடுகளில் அது இல்லாத வாசல் குறைவு. கறிவேப்பிலையிலும் எலுமிச்சை, கஸ்தூரி எலுமிச்சைச் செடிகளிலும் இரண்டு வகை வண்ணத்துப்பூச்சிகள் முட்டையிடும். ஒன்று பப்பிலியோ பாலிட்டெஸ், இன்னொன்று பப்பிலியோ டெமோலியஸ். இளந்தளிரில் ஒவ்வொன்றாக, வெளிர் மஞ்சளில், கடுகைவிடச் சிறிய உருண்டையாக முட்டை இருக்கும். பெரிய புழுவைப் பிடித்து வராமல் முட்டையையே தளிரோடு எடுத்து வாருங்கள். வெளியில் வளர்ந்த புழுவுக்குள் ஒட்டுண்ணிக் குளவியோ ஈயோ ஏற்கெனவே முட்டையிட்டிருக்க வாய்ப்பு அதிகம்.

இரண்டு லிட்டர் பிளாஸ்டிக் டப்பா, வாய்க்குக் கொசுவலைத்துணி, ரப்பர் பேண்ட். அடியில் டிஷ்யூ விரித்துத் தினமும் மாற்ற வேண்டும். கிளையைச் சிறு போத்தல் தண்ணீரில் நிறுத்தி, போத்தல் வாயைப் பஞ்சால் இறுக்கி அடைத்துவிடுங்கள். அடைக்காவிட்டால் புழு கிளை வழியாக இறங்கித் தண்ணீரில் விழுந்து சாகும். ஒரு டப்பாவில் மூன்று நான்கு புழுவுக்கு மேல் வேண்டாம். மருந்தடித்த மரத்தின் இலை ஒன்று போதும், மொத்தமும் போய்விடும். சந்தையில் வாங்கிய கறிவேப்பிலையையும் நம்ப வேண்டாம். இலையைக் கழுவினால் துடைத்துக் காயவைத்தே போடுங்கள். ஈரமும் மூடிய டப்பாவின் வியர்வையும் சேர்ந்தால் புழுவுக்கு நோய் வரும். சனிக்கிழமை மட்டும் பார்த்தால் போதாது, தினமும் ஓய்வு நேரத்தில் இருவர் முறைவைத்துக் கவனிக்க வேண்டும்.

முட்டை மூன்று நான்கு நாளில் பொரிக்கும். புழு தோலுரித்து வளரும் ஐந்து பருவங்களில் முதல் நான்கிலும் அது பறவை எச்சம்போல் பழுப்பும் வெள்ளையுமாக இருக்கும். ஐந்தாம் பருவத்தில் பச்சையாகிவிடும். மெல்லச் சீண்டினால் தலைக்குப் பின்னால் இருந்து கவட்டை வடிவ உறுப்பொன்றை நீட்டிக் காட்டமான வாடை விடும். பிள்ளைகளுக்கு இது பிடிக்கும், ஆனால் ஒரு புழுவை ஒரு முறைக்கு மேல் சீண்ட விடாதீர்கள்.

அளவெடுப்பதில்தான் உண்மையான பாடம் இருக்கிறது. கட்டத்தாள் துண்டை இலைக்கடியில் வைத்து நீளத்தைத் தினமும் குறிக்கட்டும். உடல் நாளுக்கு நாள் நீளும். தலையோ தோலுரிக்கும்போது மட்டும்தான் பெரிதாகும். உரித்த தோலைப் புழு பெரும்பாலும் தின்றுவிடும், கெட்டியான தலை ஓட்டை விட்டுவிடும். டிஷ்யூவில் கிடக்கும் அந்தக் குட்டி ஓட்டை ஈரத் தூரிகையால் எடுத்து, நோட்டில் தேதி போட்டுச் செல்லோடேப்பால் ஒட்டச் சொல்லுங்கள். முதல் ஓடு மணல் துகள்போல இருப்பதால் பாதிப் பேர் தவறவிடுவார்கள், டிஷ்யூவைக் குப்பையில் போடுமுன் பூதக்கண்ணாடியால் தேட வேண்டும். இரண்டு வாரத்தில் ஓடுகள் வரிசையாக, படிப்படியாகப் பெரிதாகி நிற்கும். வளர்ச்சி என்றால் என்ன என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்றை ஆரம்பப்பள்ளியில் காட்டுவது கடினம்.

ஏறக்குறைய இரண்டு வாரம் ஆனதும் புழு தின்பதை நிறுத்தும், தண்ணீராகக் கழியும், டப்பாவைச் சுற்றிச் சுற்றி அலையும். நோய் என்று பயந்து தூக்கிப் போட்டுவிடாதீர்கள். கூட்டுப்புழுவாக மாறுமுன் குடலைக் காலிசெய்கிறது, அவ்வளவே. இங்கே நல்ல சோதனை ஒன்று செய்யலாம். ஒரு டப்பாவில் பச்சை இலையோடு வழுவழுப்பான இளங்கிளை, இன்னொன்றில் காய்ந்த சொரசொரப்பான குச்சி. கூட்டுப்புழு பச்சையாகவோ பழுப்பாகவோ அமையும், சூழலைப் பொறுத்து. பரப்பின் சொரசொரப்புக்கும் இதில் பங்கு உண்டு, அதனால் முடிவு எப்போதும் சுத்தமாகப் பிரியாது. ஆறு ஏழு புழுவாவது இருந்தால்தான் எண்ணிக்கையை வைத்துப் பேச முடியும்.

கூட்டுப்புழுவில் சிறு ஓட்டை விழுந்து குட்டிக் குளவிகள் வந்தால் அதையும் பதிவுசெய்யுங்கள், வண்ணத்துப்பூச்சி மட்டும் வர வேண்டும் என்று இயற்கையில் சட்டமில்லை. நல்லபடியாக வந்தால் பத்து நாள் சுமார். வெளிவருமுன் ஓட்டின் வழியே இறக்கையின் நிறம் தெரியும். வெளிவந்த பூச்சி ஏறித் தொங்கக் குச்சியோ துணியோ வேண்டும், வழுக்கும் பிளாஸ்டிக்கில் விழுந்தால் இறக்கை சுருங்கியபடியே காய்ந்துவிடும். வடியும் செம்பழுப்புத் திரவம் ரத்தமல்ல, கழிவு.

அடுத்தது ஆந்தைப் பெட்டி. எலியைக் கட்டுப்படுத்தச் செம்பனை (எண்ணெய்ப்பனை) தோட்டங்களில் கம்பம் நட்டுக் கூகை என்னும் ஆந்தைக்குப் பெட்டி வைக்கிறார்கள். கூகையால் மயிரையும் எலும்பையும் செரிக்க முடியாது, கருத்த உருண்டையாகக் கக்கிவிடும். கம்பத்தடியிலும் அது வந்து அமரும் இடத்திலும் அவை கிடக்கும். மேனேஜரிடம் அனுமதி வாங்கிப் பெரியவர்கள் மட்டும் கையுறையோடு பொறுக்கி வர வேண்டும். பெட்டியில் ஏறவோ தட்டவோ கூடாது. எலி மருந்து வைத்திருக்கிறார்களா என்றும் கேட்டுக்கொள்ளுங்கள், வைத்திருந்தால் அந்தப் பகுதியை விட்டுவிடுங்கள்.

பொறுக்கியதை அப்படியே மாணவர் கையில் கொடுப்பதுதான் பலர் செய்யும் தவறு. ஒவ்வோர் உருண்டையையும் அலுமினியத் தாளில் சுற்றி 160 டிகிரி செல்சியஸ் அடுப்பில் 40 நிமிடம் வையுங்கள். கிருமியும், மயிரைத் தின்னும் அந்துப்பூச்சிப் புழுவும் சாகும். மைக்ரோவேவ் கூடாது, அலுமினியத் தாள் தீப்பொறி கிளப்பும். ஆறியபின் வெதுவெதுப்பான தண்ணீரில் அரை மணி நேரம் ஊறட்டும். காய்ந்தபடி பிரித்தால் தூசு பறக்கும், எலும்பும் ஒடியும். சூடாக்கிய உருண்டையானாலும் கையுறை கட்டாயம், முடிந்ததும் சோப்புப் போட்டுக் கை கழுவ வேண்டும்.

பல்குத்தியும் சிறு இடுக்கியும் போதும். இழுக்காமல் மயிரை விலக்கிக்கொண்டே போக வேண்டும். மண்டையோட்டைப் பிடித்து இழுத்தால் மூக்குப்பகுதி உடைந்துவிடும். பின்மண்டை நொறுங்கியிருந்தால் அது மாணவர் தவறல்ல, ஆந்தை கொன்ற விதம். முன்பல்லைப் பாருங்கள்: முன்பக்கம் மஞ்சள் கலந்த ஆரஞ்சு, பின்பக்கம் வெளிறியது. முன்பக்க எனாமலில் இரும்பு இருப்பதால் அது கடினம். பின்பக்கம் சீக்கிரம் தேய்வதால் பல் எப்போதும் உளிபோல் கூராக இருக்கும். எலிக்கு மொத்தம் 16 பல், கோரைப்பல் கிடையாது. கீழ்த்தாடை இடது வலது என்று இரண்டாகப் பிரிந்து கிடக்கும். ஓர் உருண்டையில் இடது தாடை இரண்டும் வலது ஒன்றும் கிடைத்தால் எத்தனை எலி? குறைந்தது இரண்டு. ஏன் “குறைந்தது” என்று பிள்ளைகளையே சொல்ல விடுங்கள். நான் பார்த்தவரை 6ஆம் ஆண்டு மாணவருக்கு ஏற்ற கணக்கும் உயிரியலும் இவ்வளவு நெருக்கமாகச் சேரும் செய்முறை வேறில்லை.

மூன்றாவது செம்பனை ஆண்பூ. நெஞ்சு உயரத்தில் குலை இருக்கும் இளமரமாகப் பாருங்கள், உயரமான மரத்தை அரிவாளால் எட்டிப் பிடிக்க வேண்டாம். பூத்த ஆண்பூ வெளிர் மஞ்சளில், விரல் விரலாக நீட்டிக்கொண்டு நிற்கும், சோம்பு வாசனை அடிக்கும். அதில் மொய்க்கும் கருப்பு மூக்கு வண்டுகள் மூன்று நான்கு மில்லிமீட்டர்தான். கேமரூனிலிருந்து கொண்டுவந்து 1981இல் இங்கே விட்ட இனம் இது. அதற்கு முன் மகரந்தத்தை டால்க் பவுடரில் கலந்து பெண்பூவில் மனிதர்களே ஊதிவிட்டார்கள். அந்த வேலை செய்த பாட்டிமார் உங்கள் லயத்தில் இருந்தால் மாணவர்கள் போய்க் கேட்டு எழுதி வரட்டும், ஆய்வேட்டில் அதற்கும் ஒரு பக்கம் ஒதுக்குங்கள்.

காலை ஒன்பது மணிக்கு மேல் போய், ஆண்பூவின் விரல் ஒன்றின் மேல் பிளாஸ்டிக் பையை மாட்டி, வாயை இறுக்கிக்கொண்டபிறகே வெட்ட வேண்டும். முதலில் வெட்டினால் பாதி வண்டு பறந்துவிடும். பையைப் பதினைந்து நிமிடம் ஐஸ் பெட்டியில் வைத்தால் வண்டுகள் மந்தமாகும், வெள்ளைத் தட்டில் கொட்டி எண்ணலாம். சற்றுப் பெரியது ஆண், மூக்கு நீண்டது பெண். உடம்பில் ஒட்டிய மகரந்தம் நுண்ணோக்கியில் தெரியும். எண்ணியதும் வெளியே விட்டுவிடுங்கள். வாடிப் பழுப்பான ஆண்பூ விரலொன்றை வலைமூடிய ஜாடியில் வைத்தால் சில நாளில் புது வண்டுகள் வரும், வாடிய பூவில்தான் அவை பெருகுகின்றன. மட்டை முள், அடுக்கிய மட்டைக்குள் பாம்பு, மருந்தடித்த நாள் இந்த மூன்றையும் கங்காணியிடம் விசாரிக்காமல் பிள்ளைகளை உள்ளே கூட்டிப் போகாதீர்கள்.

நுண்ணோக்கிக்கென்று ஒன்று வேண்டுமானால், இலையின் அடி ஊதாவாக இருக்கும் ரியோ செடி. இலையை ஒடித்து இழுத்தால் ஊதாத் தோல் மெல்லிய நாடாவாக உரியும். 100 மில்லி தண்ணீரில் ஒரு தேக்கரண்டி உப்பு, ஒரு சொட்டு விட்டால் சில நிமிடத்தில் செல்லுக்குள் இருக்கும் ஊதாப் பகுதி செல்சுவரைவிட்டுச் சுருங்கும். வெறும் தண்ணீரை விட்டால் திரும்ப விரியும். விரியவில்லை என்றால் உப்பில் அதிக நேரம் விட்டுச் செல் செத்துவிட்டது என்று பொருள். சாறு சிலருக்கு அரிக்கும், கை கழுவச் சொல்லுங்கள்.

கறிவேப்பிலை முட்டையை முதல் வாரமே எடுத்துவிடுங்கள். கூட்டுப்புழுக் காலத்தில் டப்பாவில் வேலையிருக்காது, அந்தச் சனிக்கிழமைகளில் ஆந்தை உருண்டையையும் செம்பனைப் பூவையும் வைத்துக்கொள்ளலாம். முட்டையிலிருந்து பூச்சிவரை ஒரு மாதம் பிடிக்கும் என்பதால் தவணை விடுமுறைக்கு மூன்று வாரம் இருக்கும்போது தொடங்க வேண்டாம். தொடங்கிவிட்டால், பள்ளிக்குப் பக்கத்து லயத்தில் இருக்கும் மாணவர் ஒருவர் வீட்டுக்கு டப்பாவைக் கொடுத்தனுப்பி, பூச்சி வெளிவந்த தேதியையும் நேரத்தையும் எழுதி வைக்கச் சொல்லுங்கள்.