வாசகர் கேள்வி பதில்: காதோரம் ஒரு முணுமுணுப்பு

கேள்வி: எனக்கு 38 வயது. பிள்ளைகள் தூங்கிய பிறகு ஹெட்போன் மாட்டிக்கொண்டு, அதிகம் பேர் அறியாத தனியிசைப் பாடகர்களைக் கேட்கிறேன். பதில் வராத மெசேஜ், கடன் தவணை, வேலைக்குப் போகப் பிடிக்காத திங்கட்கிழமை... இவைதான் அவர்கள் பாடுவது. 'அழுமூஞ்சிப் பாட்டு' என்று கணவர் கிண்டல் செய்கிறார். எனக்கென்னவோ மனசு லேசாகிறது. என்னிடம் ஏதாவது கோளாறா?
- பெயர் வேண்டாம் என்ற வாசகி

பதில்: கோளாறெல்லாம் இல்லை. நானும் உங்கள் கட்சிதான்.

சில வருஷங்களுக்கு முன் எனக்கு வேலை போனது. வீட்டில் சொல்லவில்லை. பதினொரு நாள், வழக்கம்போல் இஸ்திரி போட்ட சட்டையோடு கிளம்பிப் போய், காரை எங்காவது ஓரங்கட்டி உட்கார்ந்திருப்பேன். ஒருநாள் போன் தானாகவே ஒரு பாட்டைப் போட்டது. ஆன்லைன் மீட்டிங் நடுவே ஒரு பெண் கேமராவை அணைத்துவிட்டு அழுகிறாள். முகத்தைத் துடைத்துக்கொண்டு திரும்ப வந்து, 'நான் பேசுறது கேக்குதா?' என்கிறாள். பல்லவியே அவ்வளவுதான். தினம் பத்துத் தடவை நான் சொல்லிக்கொண்டிருந்த வாக்கியம். சாயங்காலம் வீட்டுக்குப் போய் எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். (மனைவிக்கு இரண்டாம் நாளே தெரியுமாம். அது தனிக்கதை.)

சாவுக்கும் காதல் தோல்விக்கும் பாட்டு ஏராளம். பல்லைக் கடித்துக்கொண்டு 'நன்றி, பார்க்கிறேன்' என்று மெயில் அனுப்பிய துக்கத்துக்கு யார் பாடுவது? இதெல்லாம் ஒரு துக்கமா என்று நாமே ஒதுக்கிவிடுகிறோம். முன்பின் தெரியாத ஒருவர் அதற்கு மெட்டுப் போட்டு, மூன்று நிமிஷம் ஒதுக்கியிருக்கிறார். தீர்வு எதுவும் சொல்லாமல் முடித்தும்விடுகிறார். எனக்குப் பிடித்ததே அதுதான்.

இன்னொரு காரணம் மைக். 1925 வாக்கில் மின் ஒலிப்பதிவு வரும்வரை, பாடகர்கள் ஒரு பெரிய புனலுக்குள் உரக்கப் பாட வேண்டியிருந்தது. மைக் வந்த பிறகு முணுமுணுத்தாலே போதும். பாடகர்கள் பயன்படுத்தும் பல மைக்குகளில், வாயை ஒட்டி வைத்துப் பாடினால் குரலின் கீழ்ச்சுருதி தடித்துக் கேட்கும். பக்கத்துத் தலையணையிலிருந்து யாரோ பேசுகிற மாதிரி. உங்கள் கணவர் கேட்டது ஹெட்போனுக்கு வெளியே கசிந்த சத்தமாக இருக்கும். அது அழுமூஞ்சியாகத்தான் கேட்கும். ஒருநாள் ஹெட்போனை அவருக்கு மாட்டிப் பாருங்கள்.

அப்புறம் ஒன்று. ஒரே பாட்டை ராத்திரி மூன்று மணி வரை சுழலவிடுகிறீர்கள், காலையில் எழவே மனசில்லை, வாரக்கணக்கில் இப்படி என்றால், அது பாட்டால் ஆகிற காரியம் இல்லை. மருத்துவரைப் பாருங்கள்.

கேள்வி: குரல் சுமார், பின்னால் ஃபேன் சத்தம் வேறு. இந்த இண்டி (தனியிசை) ஆட்கள் ஒழுங்காகப் பதிவு செய்யக்கூடாதா?

பதில்: முதலில் காசில்லை, பிறகு அதுவே பாணியாகிவிட்டது. 1977-இல் இங்கிலாந்தில் மான்செஸ்டரின் பஸ்காக்ஸ் இசைக்குழு கடன் வாங்கி, நான்கு பாட்டுள்ள இசைத்தட்டைத் தானே வெளியிட்டது. எந்தப் பாட்டு எத்தனையாவது டேக் (எத்தனையாவது முறை பாடிப் பதிந்தது) என்பதைக்கூட உறையிலேயே அச்சடித்திருந்தார்கள். ஒளிக்க ஒன்றுமில்லை! 1979-இல் டீயாக் நிறுவனத்தின் போர்ட்டாஸ்டுடியோ என்ற ஒலிப்பதிவுக் கருவி வந்தது. சாதாரண கேசட்டில் நான்கு தடங்களை ஒன்றன்மேல் ஒன்றாகப் பதியலாம். படுக்கையறையே ஸ்டுடியோ ஆயிற்று. இன்று லேப்டாப்பில் அந்த ஃபேன் சத்தத்தைச் சுலபமாகக் குறைக்கலாம். வேண்டுமென்றே விட்டுவைப்பவர்களும் உண்டு. சிலரிடம் அது உண்மை, சிலரிடம் வெறும் பாவனை. இரண்டு பாட்டு கேட்டால் தெரிந்துவிடும்.

கேள்வி: உங்களுக்குப் பிடித்த தனியிசைப் பாட்டு ஒன்றைச் சொல்லுங்களேன்?

பதில்: சொன்னால் கேட்டுவிட்டு, 'இதுக்கா இவ்வளவு?' என்பீர்கள். வேண்டாம்.