தோற்பது எஞ்சினா, டயரா?

அன்புள்ள ஐயா,

மின்வாகனத்தையும் பெட்ரோல் வாகனத்தையும் கயிற்றால் பிணைத்து எதிரெதிராக இழுக்க வைக்கும் காணொளிகளை 'வித்தை' என்று சென்ற கட்டுரையில் ஒதுக்கிவிட்டீர்கள். பேட்டரியின் எடை அந்த வாகனத்தோடு பிறந்ததுதானே? யானை தன் எடையால் வெல்கிறது என்பதற்காக அதன் வெற்றியைக் குறைத்துச் சொல்வோமா? விற்பனைக்கு வரும் நிலையிலேயே இரண்டையும் கட்டி இழுக்கவிடுவதில் என்ன அநியாயம்?

அன்புடன்,
ஆர்.

அன்புள்ள ஆர்.,

'வித்தை' என்பது கடுமையான சொல்தான். ஆனால் அந்தப் போட்டி அளப்பது எஞ்சினின் வலுவை அல்ல, எடையையும் டயரின் பிடிமானத்தையும்தான் என்ற என் கருத்து மாறவில்லை.

அடுத்த முறை அத்தகைய காணொளியைப் பார்க்கும்போது தோற்கும் வண்டியின் சக்கரத்தை மட்டும் கவனியுங்கள். எஞ்சின் உறுமுகிறது, சக்கரம் முன்னோக்கி வேகமாகச் சுழல்கிறது, டயரிலிருந்து புகை எழுகிறது, வண்டியோ பின்னோக்கி இழுபடுகிறது. வலுவில்லாத எஞ்சினாக இருந்தால் சக்கரத்தை அப்படிச் சுழற்ற முடியாமல் திணறி நின்றிருக்கும். சக்கரம் வழுக்குகிறது என்றாலே, தரை தாங்கக்கூடியதைவிட அதிகமான விசையை எஞ்சின் கொடுத்துவிட்டது என்றுதான் பொருள். அங்கே தோற்றது டயரின் பிடிமானம்.

கயிற்றின் இழுவிசை இரு வண்டிகளுக்கும் ஒன்றேதான். எது தரையை அதிகமாக உந்துகிறதோ அது வெல்கிறது. அந்த உந்துதலின் எல்லை, இயங்கும் சக்கரங்களின் மேல் எவ்வளவு எடை இருக்கிறது என்பதைப் பொறுத்தது. 2,000 கிலோ எடையுள்ள, பின்சக்கரங்கள் மட்டும் இயங்கும் ஒரு காலி பிக்கப் வண்டியை எடுத்துக்கொள்வோம். பின்சக்கரங்களின் மேல் 800 கிலோ இருந்து, உராய்வுக் கெழு (மேலிருக்கும் எடையில் எவ்வளவு பங்கைத் தரைப் பிடிமானமாக மாற்ற முடியும் என்ற அளவு) 0.8 என்றால், அது 640 கிலோ எடைக்கு ஈடான விசையோடுதான் இழுக்க முடியும். எதிரே நான்கு சக்கரங்களும் இயங்கும் 3,000 கிலோ மின்வாகனத்துக்கோ அந்த எல்லை 2,400 கிலோ. பெட்ரோல் வண்டிக்குள் இருமடங்கு பெரிய எஞ்சினை வைத்தாலும் 640 என்பது அதிகரிக்காது. சக்கரம் இன்னும் வேகமாக வழுக்கும், அவ்வளவுதான். வழுக்கத் தொடங்கிய டயரின் பிடிமானம் மேலும் குறைந்துவிடுவதால், யார் முதலில் வெடுக்கென்று இழுக்கிறார்கள் என்பதும் முடிவை மாற்றும்.

2019 நவம்பரில் ஈலான் மஸ்க் வெளியிட்ட காணொளியில் டெஸ்லாவின் மின் பிக்கப்பான சைபர்டிரக், ஃபோர்டு எஃப்-150 என்ற எஞ்சின் பிக்கப் வண்டியொன்றை மேட்டில் இழுத்துச் சென்றது. அந்த ஃபோர்டு பின்சக்கர இயக்கம் கொண்டதாகத் தெரிகிறது என்றும், சைபர்டிரக் முந்திக்கொண்டு நகர்ந்தது என்றும் உடனே பலர் சுட்டிக்காட்டினார்கள். ஃபோர்டின் பின்பகுதியில் முழுப் பாரம் ஏற்றிவிட்டு இழுத்துப் பாருங்கள் என்றார் வானியற்பியலாளர் நீல் டிகிராஸ் டைசன். அந்தக் காட்சியை ரசித்தவர்களில் நானும் ஒருவன். ஆனால் எஞ்சினைவிட மோட்டார் வலியது என்பதற்கு அதைச் சான்றாகக் காட்டுவதை என்னால் ஏற்க முடியவில்லை.

நீங்கள் சொன்ன யானைக்கு வருகிறேன். மனிதர்கள் கயிறு இழுக்கும் சர்வதேசப் போட்டிகளிலேயே எடைப்பிரிவு உண்டு. 1908 லண்டன் ஒலிம்பிக்கில், லிவர்பூல் காவலர் அணி கனத்த பூட்ஸ்களோடு களமிறங்கியதை எதிர்த்து அமெரிக்க அணி முறையிட்டது. எடையும் காலடிப் பிடிமானமும் முடிவைத் தீர்மானிக்கும் ஆட்டம் இது என்பது அன்றே தெரிந்திருந்தது.

எடை அந்த வாகனத்தோடு பிறந்தது என்பது உங்கள் வாதங்களில் வலுவானது. உண்மைதான், ஆனால் அதே எடை சேற்றில் புதையும், பிரேக்குக்கும் டயருக்கும் சுமையாகும், ஒவ்வொரு ஏற்றத்திலும் மின்சாரத்தைக் குடிக்கும். எடையின் நன்மையை மட்டும் கணக்கில் சேர்த்து அதன் செலவைக் கணக்கிலேயே காட்டாத சோதனை என்பதால்தான் அதை நியாயமற்றது என்கிறேன். நின்ற நிலையிலேயே முழு முறுக்குவிசையை (சக்கரத்தைத் திருப்பும் வலுவை) தருவதும், சக்கரம் வழுக்கும் கணத்திலேயே அதைச் சட்டென்று அடக்குவதும் மின்மோட்டாரின் உண்மையான சிறப்புகள். எடைக்கும் டயருக்கும் பின்னால் அவை மறைந்துபோவது எனக்கு வருத்தமாகவே இருக்கிறது.

பாரம் இழுக்கும் திறனை அளக்க நல்ல வழி ஏற்கெனவே இருக்கிறது. அமெரிக்க வாகனப் பொறியாளர் சங்கமான எஸ்ஏஇ வகுத்த ஜே2807 தரநிலைப்படி, ட்ரெய்லரோடு 12 சதவீதச் சரிவில் நிற்கும் வண்டி, 5 நிமிடத்துக்குள் 5 முறை நின்று நின்று மேலேற வேண்டும். அரிசோனாவின் டேவிஸ் அணை அருகேயுள்ள நீண்ட ஏற்றத்தில், கொளுத்தும் வெயிலில், ஏசியை முழுமையாக ஓடவிட்டு, குறைந்தபட்ச வேகத்துக்குக் கீழே இறங்காமல் ஏற வேண்டும். புறப்படும் வலுவும் வெப்பத்தைத் தாங்கும் திறனும் இதில் வெளிப்படும். இதோடு, ட்ரெய்லரை மாட்டியபின் ஒரே சார்ஜில் எத்தனை கிலோமீட்டர் போகும் என்பதையும் சேர்க்க வேண்டும். கனமான ட்ரெய்லரோடு அது ஏறத்தாழப் பாதியாகிவிடுவது சாதாரணம்.

இரு வண்டிகளையும் எடைமேடையில் ஏற்றிக் காட்டி, எடையைச் சமன்செய்து, ஒரே டயரை மாட்டி, இரண்டிலும் நான்கு சக்கரங்களையும் இயக்கி, கயிறு விறைத்து நின்றபின் ஒரே சைகையில் இழுக்கவிட்ட காணொளி உங்கள் கண்ணில் பட்டால் அனுப்பிவையுங்கள். 'வித்தை' என்ற சொல்லை அதன் விஷயத்தில் திரும்பப் பெற்றுக்கொள்கிறேன்.