கவரைப் பிரிக்காமல் வைத்தால் கதை பத்திரமா?

கேள்வி: தாம்பரத்தில் இருக்கிறேன், வயது 36. சீரியலுக்கு ஒரு கதை எழுதி, முதல் 60 எபிசோடுக்கு சீன் ஆர்டரும் (எந்தக் காட்சிக்குப் பின் எது என்ற வரிசை) போட்டுவிட்டேன். பிற்பாடு நானே தயாரிக்கவும் ஆசை. வடபழனியில் ஒருவர், "40,000 ரூபாய் கொடுங்கள், சேனலில் ஸ்லாட், அதாவது ஒளிபரப்பு நேரம், வாங்கித் தருகிறேன், கதையை வாட்ஸ்அப்பில் அனுப்புங்கள்" என்கிறார். எனக்கு நானே தபாலில் கதையை அனுப்பி, கவரைப் பிரிக்காமல் வைத்தால் திருட முடியாது என்கிறார் அண்ணன். போதுமா சார்?

பதில்: போதாதம்மா. ஒட்டாத கவரைத் தபாலில் அனுப்பிவிட்டு, பிறகு எதை வேண்டுமானாலும் உள்ளே வைத்து ஒட்டலாமே என்று எதிர்த்தரப்பு வக்கீல் ஒரே கேள்வியில் முடித்துவிடுவார்.

எழுதி முடித்ததுமே பதிப்புரிமை உங்களுக்கு வந்துவிட்டது. பதிவு என்பது சாட்சிக்குத்தான். டெல்லி பதிப்புரிமை அலுவலகத்துக்கு ஆன்லைனில் நீங்களே விண்ணப்பிக்கலாம், கட்டணம் 500 ரூபாய். இதற்கு ஆயிரக்கணக்கில் கேட்கும் ஏஜென்ட்டுகளை வாசலோடு அனுப்பிவிடுங்கள். உடனே ஒரு டைரி நம்பர் வரும், பத்திரப்படுத்துங்கள். சர்டிபிகேட் எப்போது வரும் என்று மட்டும் என்னைக் கேட்காதீர்கள். ஆட்சேபத்துக்கு 30 நாள் என்று விதி. அது முடிந்தும் திரையில் அதே ஸ்டேட்டஸை மாதக்கணக்கில் பார்த்துப் பார்த்து எனக்குக் கண் பூத்துவிட்டது.

'மாமியார் வில்லி, மருமகள் கலெக்டர்' என்கிற கருவுக்கு யாரும் சொந்தம் கொண்டாட முடியாது. உச்ச நீதிமன்றம் 1978லேயே சொல்லிவிட்டது. சம்பவங்களைக் கோத்த விதமும் வசனமும்தான் உங்கள் சொத்து. அந்த 60 எபிசோடு சீன் ஆர்டர் இருக்கிறதே, அதைத்தான் வாட்ஸ்அப்பில் கேட்கிறார்.

அந்த வடபழனிக்காரரைப் போல நூறு பேரைப் பார்த்தாயிற்று. போனில் ஏதோ ஒரு கிரியேட்டிவ் ஹெட்டோடு எடுத்த செல்ஃபி இருக்கும். மீட்டிங் டீக்கடையில். பணம் மனைவியின் ஜிபே நம்பருக்கு. சேனல் மீட்டிங் எப்போதும் "வர்ற வியாழக்கிழமை". ஒரு காலத்தில் தயாரிப்பாளர் சேனலுக்குப் பணம் கட்டி ஸ்லாட் எடுத்து, விளம்பர நேரத்தை விற்றுக்கொண்டது உண்மை. அந்தப் பழைய கதையைத்தான் இவர்கள் இன்னும் ஓட்டுகிறார்கள். இன்றைக்குப் பெரும்பாலும் சேனல்தான் எபிசோடுக்கு இவ்வளவு என்று தயாரிப்பாளருக்குக் கொடுக்கிறது. எழுதுகிறவர் பணம் வாங்க வேண்டியவர், கொடுக்க வேண்டியவர் அல்ல. ஒரு ரூபாய்கூடத் தராதீர்கள்.

உண்மையான ஆபத்து வேறிடத்தில். சாலிகிராமத்தில் எழுதிக்கொண்டிருந்த ஒருவர் மஞ்சப்பை நிறைய வவுச்சரோடு வந்தார். ரெவென்யூ ஸ்டாம்பின் மேல் கையெழுத்து, அதற்கு மேலே பொடி எழுத்தில் "கதை, வசனம், சகல உரிமையும் கொடுத்தேன்". படித்துப் பார்த்தீர்களா என்றேன். "பேட்டா கொடுக்கிற அவசரம் சார்."

அவரைக் காப்பாற்றியது ஒன்றுதான். எழுதிக் கையெழுத்திட்ட தாளில் எத்தனை வருஷம் என்று சொல்லாவிட்டால், சட்டப்படி அது ஐந்து வருஷத்துக்குத்தான். அவர் வவுச்சரில் காலம் இல்லை. ஏழாவது வருஷம் அதே கதையை வேறு மொழியில் எடுக்கக் கிளம்பினார்கள், மறித்தோம், பேசிப் பணம் வாங்கினோம். அதேபோல, வாங்கியவர் ஒரு வருஷத்துக்குள் கதையைப் பயன்படுத்தாவிட்டால் உரிமை உங்களிடமே திரும்பும், தாளில் வேறுவிதமாக எழுதியிருந்தாலொழிய. இந்த 'ஒழிய'வில்தான் எல்லோரும் விழுகிறார்கள். விவரமான கம்பெனிகள் "நிரந்தரமாக, உலகம் முழுவதும்" என்று ஒரு வரி சேர்த்துவிடும். அந்த வரி இருந்தால் நான் சொன்ன ஐந்து வருஷமும் கிடையாது, ஒரு வருஷமும் சந்தேகம்தான். அந்த வரியைத் தேடிப் பிடித்து, அடித்து, பக்கத்தில் இருவரும் கையெழுத்துப் போடுங்கள்.

பதிப்புரிமைச் சட்டத்தின் 2012 திருத்தம் எழுத்தாளருக்கு ராயல்டி உரிமையும், அதாவது படைப்பு பயன்படும்போது வர வேண்டிய பங்கையும், கொடுத்திருக்கிறது. சீரியலும் சட்டத்தின் கண்ணில் 'சினிமாட்டோகிராஃப் படம்'தான். ஆனால் அந்த ராயல்டி செக்கோடு என் எதிரில் வந்து உட்கார்ந்த வசனகர்த்தா ஒருவரையும் இதுவரை பார்த்ததில்லை.

தயாரிப்பு ஆசை இருக்கட்டும். முதலில் ஒரு கம்பெனியில் சேர்ந்து வசனம் எழுதுங்கள், ஷூட்டிங் வீட்டு வாடகையும் ஆர்டிஸ்ட் கால்ஷீட்டும் பேட்டாவும் எப்படிக் காசைத் தின்கின்றன என்று பக்கத்திலிருந்து பாருங்கள். கதையைப் பதிவுக்கு விண்ணப்பித்த பிறகு, இரண்டு பக்கச் சுருக்கத்தை மட்டும் தயாரிப்பு கம்பெனியின் மெயிலுக்கு அனுப்புங்கள். தேதியும் யாருக்குப் போனது என்பதும் அதில் நிற்கும். சீன் ஆர்டர், ஒப்பந்தம் கைக்கு வரும்வரை வீட்டு பீரோவிலேயே இருக்கட்டும்.