சேர்ந்து வாசித்தே பதிவு செய்யலாமா?

கேள்வி: நாங்கள் நான்கு பேர் கொண்ட ராக் இசைக்குழு. ஐந்து புதிய பாடல்கள் தயார். ஸ்டூடியோவில் ஒரே அறையில் சேர்ந்து வாசித்துப் பதிவு செய்ய ஆசை. ஒலிப்பதிவாளரோ, டிரம்ஸ் சத்தம் எல்லா மைக்கிலும் ஏறிவிடும், தனித்தனியாக எடுப்போம் என்கிறார். என்ன செய்யலாம்?

பதில்: சேர்ந்தே வாசியுங்கள். டிரம்மர் கோரஸுக்குள் நுழையும்போது லேசாக முன்னால் பாய்வார், பேஸ் வாசிப்பவர் அதைப் பார்த்து அந்த நொடியே கூடப் போவார், இது ஒருவர் வாசித்து முடித்த டிராக்கை ஹெட்போனில் கேட்டபடி இன்னொருவர் வாசிக்கும்போது வரவே வராது.

ஆனால் உங்கள் ஒலிப்பதிவாளர் பயப்படுவதிலும் நியாயம் இருக்கிறது. ஒலி ஒரு மீட்டர் கடக்கச் சுமார் 3 மில்லிசெகண்ட் ஆகும். டிரம்ஸிலிருந்து நான்கு மீட்டர் தள்ளி இருக்கும் பாடகரின் மைக்கில் அதே அடி 12 மில்லிசெகண்ட் தாமதமாக விழும், இரண்டையும் கலந்தால் டிரம்ஸ் மங்கிப்போகும். இதற்கு வழி இருக்கிறது. கிட்டார் ஆம்பை, அதாவது அதன் சத்தம் வெளிவரும் பெட்டியை மட்டும் பக்கத்து அறையில் வைத்துவிட்டு, வாசிப்பவர் டிரம்மர் எதிரிலேயே நிற்கட்டும். பேஸை ஆம்ப் இல்லாமல் நேரடியாக மிக்ஸரில் செருகலாம். முன்பக்கச் சத்தத்தையே அதிகம் எடுக்கும் கார்டியாய்டு வகை மைக்குக்குப் பின்பக்கம் காது மந்தம், அந்தப் பக்கத்தை டிரம்ஸ் நோக்கித் திருப்பி வையுங்கள். இத்தனைக்கும் பிறகு மிஞ்சி ஏறுகிற கொஞ்சம் சத்தம் இருக்கட்டுமே, அதுதான் கேட்பவருக்கு அந்த அறையையே காட்டும்.

கேள்வி: நடுவில் ஒருவர் தப்பு செய்தால்?

பதில்: டிரம்மரோ பாடகரோ என்றால் மறுபடி முதலிலிருந்து வாசிக்க வேண்டியதுதான். அவருடைய தப்பை மட்டும் மாற்றினாலும் பழையது மற்ற மைக்குகளில் மெலிதாகக் கேட்டுக்கொண்டே இருக்கும். அதனால் ரிகர்சலை ஸ்டூடியோவுக்கு முன்பே முடித்துவிடுங்கள், முடிந்தால் நாலு மேடையிலும் வாசித்துப் பாருங்கள். பீட்டில்ஸ் 1963 பிப்ரவரி 11 அன்று லண்டன் இஎம்ஐ ஸ்டூடியோவில் தங்கள் முதல் ஆல்பத்துக்கான 10 பாடல்களை ஒரே நாளில் முடித்தார்கள், அதுவும் எல்லா ஒலியையும் டேப்பின் இரண்டே தடங்களில் (டிராக்) பதிந்து. அவற்றில் பல அவர்கள் மேடையில் திரும்பத் திரும்ப வாசித்துக் கைக்குப் பழகிய பாடல்கள். அன்று கடைசியாக எடுத்த பாடலில் ஜலதோஷத்தோடு கத்திப் பாடிய ஜான் லெனனின் குரல் கரகரக்கிறது, முதல் டேக்கையே, அதாவது முதல் முறை பதிந்ததையே வைத்துக்கொண்டார்கள். அந்தக் கரகரப்பு இல்லாமல் அந்தப் பாடலை என்னால் நினைத்துக்கூடப் பார்க்க முடியவில்லை.

கேள்வி: கிளிக், அதாவது ஒரே வேகத்தில் டிக் டிக் என்று தாளம் காட்டும் ஒலி போட்டு வாசிக்கலாமா?

பதில்: வேகம் ஏறி இறங்குகிற பாட்டுக்கு வேண்டாம். கம்ப்யூட்டரில் செய்த தாளம் ஏதாவது கூட ஓடினால் மட்டும் போடுங்கள், அப்போதும் டிரம்மர் ஹெட்போனில் கேட்டால் போதும். அப்புறம் ஒன்று, மூன்று நல்ல டேக் கிடைத்ததும் நிறுத்திவிட்டு உட்கார்ந்து கேளுங்கள். பத்தாவது டேக்கில் யாருக்கும் தப்பு வராது, ஆனால் முதலில் இருந்த துடிப்பு போயிருக்கும்.