ஹாக்கியில் தங்கம் வென்ற நாடு கிரிக்கெட் பைத்தியமானது எப்படி?

கேரளத்தில் தமிழக எல்லையை ஒட்டிய கொழிஞ்சாம்பாறைக்காரன் நான். மேற்கே மலப்புறம் வரை போனால் அணிக்கு ஏழு பேர் ஆடும் செவன்ஸ் கால்பந்து. எங்கள் பக்கம் தென்னை மட்டையைச் செதுக்கிக் கிரிக்கெட். அதனால் இந்தக் கேள்வி எனக்கும் பழையதுதான்.

‘வெள்ளைக்காரன் விட்டுப்போன ஆட்டம்’ என்பது அரைப் பதில். ஹாக்கியும் அவன் கொண்டுவந்ததே. 1928 முதல் 1956 வரை தொடர்ந்து 6 ஒலிம்பிக் தங்கம் வாங்கியும் அதை ஊரே கூடிப் பார்க்க வழியில்லை. டிவி எங்கே இருந்தது? 1976 ஒலிம்பிக்கில் செயற்கைப் புல்தரை வந்ததும், இயற்கைப் புல்லில் பழகிய நம் பிடியும் நழுவியது.

கிரிக்கெட்டுக்குக் காலம் கைகொடுத்தது. 1982 ஆசிய விளையாட்டையொட்டிக் கலர் டிவி வந்தது. மறுவருடம் ஜூன் 25, லண்டன் லார்ட்ஸ் மைதானம், உலகக் கோப்பை இறுதி: 183 ரன் மட்டுமே எடுத்த கபில்தேவ் அணி, மேற்கிந்தியத் தீவுகளை 140-க்குச் சுருட்டியது. அப்புறம் பணம். கால்பந்தில் 45 நிமிடம் ஆட்டம் ஓடிக்கொண்டே இருக்கும். கிரிக்கெட்டில் ஓவருக்கு ஓவர் விளம்பரம் போடலாம். 90-களில் தனியார் சேனல்கள் வந்ததும் இந்த இடைவெளிதான் பொன்முட்டையிட்டது. பக்தியைவிட இதற்கே நான் அதிக மார்க் போடுவேன்.

இன்னொன்று, ‘நம்ம ஆள்’. 2007 டி20 உலகக் கோப்பை இறுதியில் பாகிஸ்தானின் மிஸ்பா தூக்கியடித்த பந்தைப் பிடித்தது கேரளத்து ஸ்ரீசாந்த். 5 ரன்னில் கோப்பை. அந்த ராத்திரி எங்கள் டீக்கடையில் தமிழ் பேசுகிறவர், மலையாளம் பேசுகிறவர் என்ற பேதமே இல்லை. கால்பந்துக்காரர்கள்கூடக் கத்தினார்கள், பாவம்.