ஊரார் பாட்டை ஊட்டி வளர்த்தவர்: ஜானி கேஷ் கேள்வி பதில்

அமெரிக்கக் கன்ட்ரி இசைப் பாடகர் ஜானி கேஷ் உயிரோடு இருந்தபோது வெளிவந்த கடைசி ஸ்டுடியோ ஆல்பம் ‘அமெரிக்கன் 4: தி மேன் கம்ஸ் அரௌண்ட்’. 2002 நவம்பர் 5 அன்று வந்தது. மொத்தம் 15 பாட்டு, பெரும்பாலும் அடுத்தவர் பாட்டு. அதைப் பற்றி என்ன வேண்டுமானாலும் கேளுங்கள் என்று வாயை விட்டேன். வந்த கேள்விகளில் ஒரே மாதிரி இருந்தவற்றைச் சேர்த்துவிட்டேன்.

சார், எனக்கு ‘ஹர்ட்’ ஒன்றுதான் தெரியும். அது கேஷ் எழுதியதே இல்லை என்று நேற்றுத்தான் நண்பன் சொன்னான். நிஜமா? (திருச்சி)

நிஜம்தான். எழுதியவர் ட்ரெண்ட் ரெஸ்னர். அவருடைய ராக் குழு நைன் இஞ்ச் நெயில்ஸின் ‘தி டவுன்வர்ட் ஸ்பைரல்’ ஆல்பத்தில் கடைசிப் பாட்டு, 1994. அப்போது ரெஸ்னருக்கு 28 வயது. போதையும் தன்வெறுப்புமாக அறைக்குள் அடைந்து கிடக்கும் ஓர் இளைஞனின் பாட்டு அது.

தெரிந்தவர்கள் எல்லாரும் கடைசியில் போய்விடுகிறார்கள் என்று அதில் ஒரு இடம் வரும். 28 வயதுக்காரர் பாடினால் ‘பாவம், ஏதோ மனசு சரியில்லை’ என்று தோன்றும். 70 வயதுக்காரர் பாடினால்? கேஷின் முதல் கிட்டார் கலைஞர் லூதர் பெர்கின்ஸ் 1968இல் போனார். பாடகர் நண்பர்களில் ராய் ஆர்பிசன் 1988இல். கார்ல் பெர்கின்ஸ் 1998இல். இளமையில் ஒரே வீட்டில் தங்கியிருந்த வேலன் ஜென்னிங்ஸ், இந்த ஆல்பம் வந்த அதே 2002 பிப்ரவரியில். கேஷ் வாயில் அந்த வரி வெறும் புலம்பல் இல்லை, ஆள் கணக்கு.

பாட்டில் மாறியது ஒரே ஒரு சொல். மூலத்தில் கிரீடத்தோடு ஒரு கெட்ட வார்த்தை ஒட்டியிருக்கும். கேஷ் அதை முள்கிரீடம் ஆக்கிவிட்டார். அதோடு பாட்டு சர்ச்சுக்குள் வந்து உட்கார்ந்துவிட்டது. அந்தப் பாட்டு இனி என்னுடையது இல்லை என்று ரெஸ்னரே பின்னால் சொன்னார்.

ரிக் ரூபின் ராப், மெட்டல் ஆள். அவருக்கும் கன்ட்ரி கிழவருக்கும் என்ன சம்பந்தம்? (சென்னை)

ஒரு சம்பந்தமும் இல்லாததுதான் நல்லதாகப் போயிற்று. 28 வருஷம் கேஷ் இருந்த கொலம்பியா கம்பெனி 1986இல் அவரைக் கழற்றிவிட்டது. அடுத்துப் போன மெர்க்குரியிலும் பெரிதாக ஒன்றும் நடக்கவில்லை. கன்ட்ரி இசையின் தலைநகரான நாஷ்வில் ஆட்களுக்கு அவர் பழைய சரக்கு. இந்த ஆல்பத்தின் தயாரிப்பாளரான ரூபின், டெஃப் ஜாம் என்ற ராப் இசைக் கம்பெனியைத் தொடங்கியவர்களில் ஒருவர். பீஸ்டி பாய்ஸ், ஸ்லேயர் மாதிரிக் குழுக்களோடு வேலை செய்தவர். 1993இல் கேஷைத் தன் கம்பெனியில் சேர்த்துக்கொண்டார்.

முதல் வேலையாக லாஸ் ஏஞ்சலிஸில் தன் வீட்டு ஹாலில் உட்காரவைத்து, ஒரு கிட்டாரைக் கையில் கொடுத்து, பிடித்ததைப் பாடுங்கள் என்றார். அவ்வளவுதான். 1994இல் வந்த முதல் ‘அமெரிக்கன் ரெகார்டிங்ஸ்’ ஆல்பம் ஏறக்குறைய முழுக்க அந்த ஒற்றைக் குரல், ஒற்றைக் கிட்டார். அதன் பிறகு ரூபின் பாட்டுகளாகப் பொறுக்கி அனுப்புவார், கேஷ் கேட்டுப் பார்த்துத் தனக்கு ஒத்துவருவதை எடுப்பார். ‘ஹர்ட்’ முதலில் அவருக்கு ஏறவில்லை. ரூபின் விடாமல் திரும்ப அனுப்பினார்.

அண்ணா, கோபித்துக்கொள்ளாதீர்கள். முடியாத வயதில் ஒருவரை மைக் முன்னால் உட்காரவைத்து, ராக் பாட்டு பாடவைத்து, இளவட்டங்களிடம் விற்றார்கள். இது சுரண்டல் இல்லையா? (பெங்களூர்)

கோபமே இல்லை தம்பி. நானும் ஒரு காலத்தில் இப்படித்தான் நினைத்தேன்.

இரண்டு விஷயம் என் எண்ணத்தை மாற்றின. ஒன்று, அடுத்தவர் பாட்டைப் பாடுவது கேஷுக்குப் புதிதே இல்லை. 1960லேயே ‘நவ், தேர் வாஸ் எ சாங்’ என்று ஒரு முழு ஆல்பம் கவர் பாட்டாகவே போட்டவர். 60களில் டிலனைப் பாடினார், 80களில் ஸ்பிரிங்ஸ்டீனைப் பாடினார். ‘அமெரிக்கன் 4’இல் உள்ள ‘ஐ’ம் ஸோ லோன்ஸம் ஐ குட் க்ரை’ அந்த 1960 ஆல்பத்திலேயே இருக்கிறது. ‘சாம் ஹால்’, ‘ஸ்ட்ரீட்ஸ் ஆஃப் லாரெடோ’, ‘டேனி பாய்’ மூன்றும் 1965இல் பாடியவை. ‘கிவ் மை லவ் டு ரோஸ்’ அவருடைய முதல் கம்பெனியான சன் ரெகார்ட்ஸ் காலத்துச் சொந்தப் பாட்டு, 1957. ஆக, ரூபின் திணித்த நவீன ராக் ஆல்பம் என்று நாம் நினைப்பதில் ஒரு பெரிய பகுதி, கிழவர் தன் பழைய பெட்டியைத் திறந்து தானே எடுத்துப் போட்டது.

இரண்டாவது, மனைவி ஜூன் கார்ட்டர் 2003 மே மாதம் இறந்த பிறகு, எனக்கு வேலை கொடு என்று ரூபினிடம் கேட்டவர் கேஷ். செப்டம்பர் 12 அன்று அவர் இறக்கும்வரை நான்கு மாதம், உடம்பு இடம்கொடுத்த நாளெல்லாம் பாடிக்கொண்டே இருந்தார். கடைசி மாதங்களில் இருவரும் தினமும் போனில் கிறிஸ்தவர்களின் திருவிருந்து ஜெபம் செய்தோம் என்று ரூபின் சொல்லியிருக்கிறார். ரூபின் யூதக் குடும்பத்துப் பிள்ளை. சுரண்ட வந்தவன் இதையெல்லாம் மெனக்கெட்டுச் செய்யமாட்டான்.

வியாபாரம் இல்லை என்று சொல்ல வரவில்லை. நல்ல வியாபாரம்தான்.

குரல் ரொம்ப உடைந்திருக்கிறதே, சரிசெய்திருக்கக் கூடாதா? (சேலம்)

சரிசெய்திருந்தால் ஆல்பமே இல்லை. சர்க்கரை நோயால் நரம்பு பாதித்திருந்தது, ஆஸ்துமா, அடிக்கடி நிமோனியா. 1997இல் வேறொரு நரம்பு நோய் என்று சொல்லி, அது தப்பு என்று பின்னால் தெரிந்தது. மூச்சு ஒரு வரி முழுக்கத் தாங்காது.

ஹெட்போன் போட்டு ‘தி ஃபர்ஸ்ட் டைம் எவர் ஐ ஸா யுவர் ஃபேஸ்’ கேளுங்கள். வரி முடிகிற இடத்தில் குரல் மெல்லக் கரகரத்து அடங்கும், அடுத்த வரிக்கு முன் மூச்சு இழுக்கிற சத்தம் கேட்கும். அந்தச் சத்தத்தைத் துடைத்திருக்கலாம், இரண்டு நிமிட வேலை. துடைக்கவில்லை. ஈவன் மெக்கால் அதைப் புதுக் காதலுக்கு எழுதினார். இங்கே முதல் பார்வையை நினைத்துப் பார்ப்பவருக்கு எழுந்து நிற்கவே ஆள் பிடிக்க வேண்டும். ஆல்பத்திலேயே எனக்குப் பிடித்தது இதுதான், ‘ஹர்ட்’ இல்லை. திட்டுகிறவர்கள் திட்டலாம்.

ஸ்டிங் பாட்டு எப்படி நாட்டுப்பாடல் மாதிரி ஆனது? தாளத்தில் ஏதோ மாற்றியிருக்கிறார்களா? (யாழ்ப்பாணம்)

நல்ல காது உங்களுக்கு. ‘ஐ ஹங் மை ஹெட்’, ராக் பாடகர் ஸ்டிங்கின் 1996 ‘மெர்க்குரி ஃபாலிங்’ ஆல்பத்தில் ஒன்பது எண்ணிக்கையில் நடக்கும். கர்நாடக இசையில் சங்கீர்ணம் கேட்டுப் பழகியவர்களுக்குச் சட்டென்று பிடிபடும். மற்றவர்களுக்குக் கால் இடறுகிற மாதிரி இருக்கும். கேஷ் அதை நேரான நாலுக்குக் கொண்டுவந்துவிட்டார். இடறல் போனதும் கதை முன்னால் வந்துவிட்டது: அண்ணனின் துப்பாக்கியை எடுத்து விளையாடிய பையன், குதிரையில் போன ஒருவனைச் சுட்டுவிடுகிறான்; கடைசியில் தூக்கு.

தூக்குமரப் பாட்டு கேஷுக்குப் பிறந்த வீடு. 1968இல் ஃபோல்சம் சிறைக்குள் கைதிகள் முன்னாலேயே தூக்குக்குக் காத்திருப்பவனின் பாட்டைப் பாடியவர். இங்கிலாந்தில் பிறந்த ஸ்டிங் எழுதியது, ஏதோ நூறு வருஷத்துக்கு முந்தைய மேற்குப் பாட்டு போல ஆகிவிட்டது.

தலைப்புப் பாட்டில் வரும் பைபிள் வசனம் எது? (பாளையங்கோட்டை)

வெளிப்படுத்தின விசேஷம் 6ஆம் அதிகாரம். தமிழ் பைபிளில் ‘மங்கின நிறமுள்ள ஒரு குதிரை’ என்று வருமே, மரணம் ஏறி வருவது, அதே இடம். கேஷே எழுதிய பாட்டு. இங்கிலாந்து ராணி கனவில் வந்து, நீ சுழல்காற்றில் சிக்கிய முள்மரம் மாதிரி இருக்கிறாய் என்றாராம். அந்தச் சொல்லைத் தேடிப்போய் பைபிளின் யோபு புத்தகத்தில் கண்டுபிடித்து, பக்கம் பக்கமாக எழுதி, வெட்டி வெட்டி இந்த நாலு நிமிடத்துக்குக் கொண்டுவந்தார்.

கவர் பாடினால் பணம் யாருக்குப் போகும்? அனுமதி வாங்கணுமா? நான் சின்னதாக ஒரு சேனல் நடத்துகிறேன். (கோவை)

உங்கள் சேனலுக்கு விதிகள் வேறு, அதை இதோடு குழப்பிக்கொள்ளாதீர்கள். அமெரிக்காவில் ஒரு பாட்டு ஒருமுறை இசைத்தட்டாக வெளிவந்துவிட்டால், யார் வேண்டுமானாலும் சட்டம் நிர்ணயித்த கட்டணத்தைக் கட்டிவிட்டுத் தன் குரலில் பதிவு செய்யலாம். எழுதியவர் மறுக்க முடியாது. 1909லிருந்தே இந்த ஏற்பாடு. 2002இல் ஐந்து நிமிடத்துக்குள் உள்ள பாட்டுக்குப் பிரதி ஒன்றுக்கு 8 சென்ட். இந்த ஆல்பம் 10 லட்சத்தைத் தாண்டி பிளாட்டினம் ஆனது. முழுக் கட்டணப்படி பெருக்கினால் ஒரு பாட்டை எழுதியவருக்கு 80,000 டாலர். சாதாரண ரேடியோவில் போட்டாலும் அங்கே எழுதியவருக்குத்தான் காசு, பாடியவருக்குக் கிடையாது. ரெஸ்னருக்குக் கேஷால் நஷ்டம் ஒன்றும் இல்லை.

இசையமைப்பைத் தன் பாணிக்கு மாற்றலாம், பாட்டின் அடிப்படையையே மாற்றக் கூடாது.

‘ஹர்ட்’ கிட்டாரில் கஷ்டமா? ஆறு மாதமாகக் கற்றுக்கொள்கிறேன். (மதுரை)

ஆறு மாதம் தாராளம். சரணத்துக்கு ஏ மைனர், சி, டி. பல்லவிக்கு ஏ மைனர், எஃப், சி, ஜி. எஃப்தான் விரலைப் படுத்தும், என்னையும் படுத்தியது. மூலத்தில் கிட்டார் ஒரு இடத்தில் வேண்டுமென்றே சுருதியோடு உரசும், பல் கூசுகிற மாதிரி. கேஷ் பதிவில் அந்த உரசல் கிடையாது, எல்லாம் சுத்தமான கார்டு. ஆனால் பின்னால் ஒரு பியானோ ஒரே சுரத்தைத் தட்டிக்கொண்டே இருக்கிறது பாருங்கள். போகப் போக ஓங்கி, கடைசியில் ஒலியே பிசிறுகிறது. பதட்டம் முழுக்க அந்த ஒற்றைச் சுரத்தில் இருக்கிறது. தனியாக வாசிக்கும்போது அது இல்லாமல் மொட்டையாக இருக்கும், மனம் தளராதீர்கள்.

எல்லாமே அருமையா? குறையே இல்லையா? (சிங்கப்பூர்)

ஏன் இல்லை? ‘பிரிட்ஜ் ஓவர் ட்ரபிள்ட் வாட்டர்’ வேண்டாத வேலை. பாடகி ஃபியோனா ஆப்பிள் கூடச் சேர்ந்து பாடியும் தேறவில்லை. அந்த மெட்டுக்கு ஏறிப்போகிற குரல் வேண்டும், அது இவரிடம் இல்லை. ‘டெஸ்பராடோ’ ஹோட்டல் லாபி ரகம். ‘டேனி பாய்’ நிறையப் பேருக்குப் பிடிக்கும், எனக்குத் தூக்கம் வரும். 15க்குப் பதில் 10 பாட்டோடு நிறுத்தியிருக்கலாம். ‘பெர்சனல் ஜீசஸ்’ மட்டும் விடாமல் கேளுங்கள். டெபெஷ் மோட் குழு கிண்டலும் குத்தலுமாகப் பாடியதை இவர் நிஜமான ஜெபமாகவே பாடிவிட்டார்.

வீடியோவில் படிக்கட்டில் நிற்கும் அம்மா யார்? (நெல்லை)

ஜூன் கார்ட்டர். மார்க் ரோமனெக் இயக்கிய ‘ஹர்ட்’ வீடியோ. டென்னசியில் ஹெண்டர்சன்வில் ஊரில் அவர்கள் வீட்டிலும், பூட்டிக் கிடந்த ‘ஹவுஸ் ஆஃப் கேஷ்’ மியூசியத்திலும் எடுத்தது. மேஜையில் விருந்து பரப்பியிருக்கும், கேஷ் ஒயினைக் கவிழ்ப்பார், ஜூன் படியில் நின்று அவரையே பார்ப்பார். நடிப்பு என்று தோன்றாது. வீடியோ வந்த சில மாதங்களில் ஜூன் போய்விட்டார், அப்புறம் கேஷ். 2007இல் அந்த வீடும் எரிந்துபோனது.

இதற்கு அடுத்து எதைக் கேட்பது? (தஞ்சாவூர்)

2006இல் வந்த ‘அமெரிக்கன் 5’. அதில் ‘லைக் தி 309’ என்று ஒரு பாட்டு, கேஷ் எழுதிய கடைசிப் பாட்டு. தன் ஆஸ்துமாவையும் வருகிற ரயிலையும் சேர்த்துக் கிண்டலடிப்பார். 1955இல் அவருடைய முதல் இசைத்தட்டின் ஒரு பக்கம் ‘ஹே போர்ட்டர்’, அதுவும் ரயில் பாட்டு. இரண்டையும் அடுத்தடுத்துப் போட்டுக் கேளுங்கள், முதலில் 1955ஐ.